எழுதியது யார்? – 'ஸ்பீக் நவ்' ஆல்பமும் அதைக் கேட்டவர்களும்

2010 ஜனவரி 31 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கிராமி விழாவில், இருபது வயது டெய்லர் ஸ்விஃப்ட்டுக்கு ஒரே இரவில் பெரும் புகழும் பெரும் பழியும் சேர்ந்தே வந்தன. அவருடைய 'ஃபியர்லெஸ்' அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது. அவ்விருதை அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் பெற்றதில்லை. அதே மேடையில் மூத்த பாடகி ஸ்டீவி நிக்ஸுடன் அவர் சேர்ந்து பாடியபோது சுருதி விலகியது. அதைக் கோடிக்கணக்கானோர் நேரலையில் கேட்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில் விருதைவிட அந்தப் பிசகே அதிகம் பேசப்பட்டது. பாடவே வராதவருக்கு இந்த விருது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பாடல்களையாவது இவர்தான் எழுதுகிறாரா என்ற பழைய முணுமுணுப்பும் அத்துடன் கிளம்பியது.

ஒன்பது மாதம் கழித்து, அக்டோபர் 25 அன்று 'ஸ்பீக் நவ்' வெளிவந்தது. பதினான்கு பாடல்கள். எல்லாவற்றிலும் பாடலாசிரியர் பெயர் ஒன்றே ஒன்றுதான். இந்த ஆல்பத்தை விமர்சகர்கள், வானொலிக்காரர்கள், ஊர்வம்பு பேசியவர்கள், பதின்வயதுப் பெண்கள் எனப் பல தரப்பினர் பல விதமாகக் கேட்டார்கள். ஒவ்வொரு தரப்பும் கேட்ட கேள்வி எது, அதற்கு ஆல்பத்திலேயே என்ன பதில் இருக்கிறது, காலம் யார் பக்கம் சாய்ந்தது ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாஷ்வில்லுக்கு வந்த சிறுமி

ஸ்விஃப்ட் 1989 டிசம்பர் 13 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். கிறிஸ்துமஸ் மரங்கள் வளர்க்கும் பண்ணையில் அவருடைய குழந்தைப் பருவம் கழிந்தது. மகளின் இசை ஆசைக்காகக் குடும்பமே டென்னசி மாநிலத்தின் ஹெண்டர்சன்வில்லுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு வயது பதினான்கு. பக்கத்து நகரமான நாஷ்வில் கன்ட்ரி இசையின் தலைநகரம். அங்கே பாட்டு எழுதுவது அன்றாடத் தொழில். காலையில் இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் கித்தாருடன் உட்கார்ந்து, மாலைக்குள் ஒரு பாட்டை முடித்துவிட்டு எழுவார்கள். பள்ளி விட்டதும் இந்தச் சிறுமியும் அப்படிப்பட்ட அறைகளுக்குப் போனார். லிஸ் ரோஸ் என்ற அனுபவமிக்க பாடலாசிரியருடன் சேர்ந்து பல பாடல்கள் எழுதினார். ஸ்காட் போர்செட்டா புதிதாகத் தொடங்கிய பிக் மெஷின் நிறுவனம் 2006இல் அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது.

நம் திரையிசையில் மெட்டு ஒருவருடையது, வரி இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது. மூன்று பெயர்களையும் நாம் தனித்தனியே கொண்டாடுகிறோம். அமெரிக்கக் கன்ட்ரி மரபின் நிலை வேறு. அங்கே மற்றவர்கள் எழுதித் தந்ததைப் பாடுவோரும் உண்டு, தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுவோரும் உண்டு. இரண்டாம் வகையினருக்கு மதிப்பு அதிகம். தான் பிறந்த நிலக்கரிச் சுரங்கக் குடிசையைப் பாட்டாக்கிய லொரெட்டா லின், 'ஜோலீன்' எழுதிய டாலி பார்ட்டன் ஆகியோர் அவ்வகையில் வந்த பெண்கள். ஆயினும் பெண் எழுதியதாகச் சொன்னால் பின்னால் ஓர் ஆணைத் தேடும் பழக்கம் அங்கு நெடுங்காலமாக இருந்து வந்தது. 1990களில் ஷனாயா ட்வெய்ன் உலகெங்கும் வெற்றி பெற்றபோது, அதெல்லாம் தயாரிப்பாளரான அவருடைய கணவரின் கைவண்ணம் என்றே பலர் பேசினார்கள். ஸ்விஃப்ட்மேல் விழுந்த ஐயத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. அவர் சிறு பெண் என்பது அந்த ஐயத்தை இன்னும் வளர்த்தது.

பதினான்கு பாடல்கள்

ஆல்பத்துக்கு முதலில் யோசித்த தலைப்பு 'என்சான்டட்'. தேவதைக் கதைகளும் பள்ளிப் பருவமும் இனி உனக்குப் பொருந்தாது, நீ வளர்ந்துவிட்டாய் என்று போர்செட்டா சொன்ன பிறகே தலைப்பு 'ஸ்பீக் நவ்' ஆனது. கிறிஸ்தவத் திருமணத்தில், இந்த மணத்துக்குத் தடை சொல்ல விரும்புவோர் இப்போதே பேசட்டும், இல்லையேல் என்றைக்கும் பேசாதிருக்கட்டும் என்று பாதிரியார் சொல்லும் மரபு உண்டு. தலைப்புப் பாடலில் ஒரு பெண் அந்த நொடியில் எழுந்து நின்றுவிடுகிறாள். உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்புதான் ஆல்பம் முழுவதையும் கட்டி வைத்திருக்கும் நூல்.

'பேக் டு டிசம்பர்' ஒரு மன்னிப்பு. அதுவரை பிறர் செய்த தவறுகளையே பாடிவந்தவர், தன்னால் காயப்பட்டவரிடம் இதில் தலைகுனிந்து பேசுகிறார். 'டியர் ஜான்' ஆறே முக்கால் நிமிடம் நீளும் குற்றச்சாட்டு. வயதில் மூத்த, புகழ் பெற்ற ஆண் ஒருவரிடம் பத்தொன்பது வயதுப் பெண் ஏமாந்து போவதைச் சொல்கிறது. 'மீன்' தன்னை இழிவாகப் பேசியவருக்குப் பாஞ்சோ மீட்டியபடி கொடுத்த பதில். 'நெவர் க்ரோ அப்' வீட்டைவிட்டுத் தனி வாழ்க்கைக்கு வந்த பெண் முதல் இரவில் உணரும் வெறுமை. 'லாங் லிவ்' தன் இசைக்குழுவுக்கும் ரசிகர்களுக்கும் செலுத்திய நன்றி. 'இன்னசென்ட்' 2009 செப்டம்பரில் எம்டிவி விருது மேடையில் தன் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்த கான்யே வெஸ்ட்டுக்கு எழுதப்பட்டதாக எல்லோரும் புரிந்துகொண்ட பாட்டு. மறு ஆண்டு அதே விழாவில், பழைய சம்பவத்தின் காட்சியை முதலில் ஓடவிட்டு, அதன்பின் அவர் அதைப் பாடினார். சிலர் அதைப் பெருந்தன்மை என்றார்கள். மன்னிப்பதுபோல் காட்டி மறுபடி குத்திக்காட்டுகிறார் என்று வேறு சிலர் கருதினார்கள். பாட்டை மட்டும் கேட்டால் கனிவு தெரிகிறது. மேடையோடு சேர்த்துப் பார்த்தால் கணக்குத் தீர்க்கும் தொனியும் தெரிகிறது.

முதல் கேள்வி: எழுதியது யார்?

தன் பாடல்களை வேறு யாரோ எழுதித் தருகிறார்கள் என்ற பேச்சுக்குப் பதிலாகவே இந்த ஆல்பத்தை முழுக்கத் தனியே எழுதினேன் என்று ஸ்விஃப்ட் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உண்மையில் ஐயத்துக்கு முன்பும் இடம் இருந்ததில்லை. முதல் ஆல்பத்தின் 'அவர் சாங்', இரண்டாம் ஆல்பத்தின் 'லவ் ஸ்டோரி' இரண்டும் அவர் தனியே எழுதியவை. இருந்தும் கூட்டாக எழுதிய பாடல்களைக் காட்டி ஐயப்பட்டவர்களுக்கு, கூட்டாளியே இல்லாத ஓர் ஆல்பத்தைத் தவிர வேறு பதில் எடுபட்டிருக்காது. எந்நேரமும் பயணத்தில் இருந்ததும் ஒரு காரணம். நள்ளிரவில் விடுதி அறையில் ஒரு வரி தோன்றும்போது பக்கத்தில் உட்கார யாரும் இல்லை என்று அவர் சொல்வதுண்டு.

தனியே எழுதியதன் நன்மையும் தீமையும் ஆல்பத்திலேயே இருக்கின்றன. நன்மை, ஒரே மனத்தின் ஓட்டம். 'டியர் ஜான்' பாடலில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். கூட்டாக எழுதும் அறையில் யாராவது ஒருவர், மூன்றரை நிமிடத்துக்குள் முடி, வானொலியில் போட மாட்டார்கள் என்று சொல்லியிருப்பார். இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை. அதனால் பாட்டு தன் வேதனைக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. பல்லவி திரும்ப வரும்தோறும் பொருள் சற்றே மாறுகிறது. தன்னைப் பழிப்பதில் தொடங்கி, ஏமாற்றியவரைப் பழிப்பதற்கு நகர்ந்து, கடைசியில் தப்பி வந்துவிட்ட பெருமூச்சில் முடிகிறது. இந்த வளைவைக் கட்ட முதிர்ந்த கை வேண்டும். தீமை, வெட்டிச் சீர்செய்ய இன்னொரு கண் இல்லாதது. மொத்தம் 67 நிமிடம் ஓடும் ஆல்பத்தில் பல பாடல்கள் ஐந்து நிமிடத்தைத் தாண்டுகின்றன. எல்லாவற்றுக்கும் அந்த நீளம் தேவைப்படவில்லை. இதை அன்றைய விமர்சகர்கள் சிலர் சுட்டியது நியாயமே.

ஆனால் விமர்சகர்களில் பெரும்பாலோர் ஆல்பத்தை வரவேற்றார்கள். பாராட்டின் மையம் எழுத்துதான். கதை சொல்லும் நேர்த்தி, சின்னஞ்சிறு விவரம் ஒன்றால் ஒரு காட்சியை எழுப்பும் திறன் ஆகியவற்றை ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எழுதியது யார் என்ற கேள்வி அத்துடன் ஓய்ந்திருக்க வேண்டும். பிற்காலத்திலும் அது அவ்வப்போது தலைதூக்கியது என்பது, கேள்வி பாடல்களிலிருந்து பிறக்கவில்லை, பாடியவர் இளம்பெண் என்பதிலிருந்தே பிறந்தது என்பதற்குச் சான்று.

இரண்டாம் கேள்வி: பாட வருமா?

கிராமி இரவின் பிசகை மறுக்க வேண்டியதில்லை. அது நடந்தது. அக்காலத்தில் ஸ்விஃப்ட்டின் குரலுக்கு வீச்சு குறைவு. உச்சத்தில் மெலியும், நேரலையில் தடுமாறும். வலுவான குரல்வளம் கொண்ட கேரி அண்டர்வுட் போன்றோர் கோலோச்சிய கன்ட்ரி உலகில் இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது.

ஆல்பத்தைத் தயாரித்தவர்கள் ஸ்விஃப்ட்டும் நேதன் சாப்மனும். அவர்கள் இந்தக் குரலை வேறொன்றாக மாற்ற முயலவில்லை. பேசுவதுபோலப் பாடுவது, மூச்சை ஒளிக்காமல் விடுவது, சொல்லின் முடிவில் குரலைத் தாழ்த்துவது ஆகியவற்றைப் பாட்டின் இயல்பாக்கினார்கள். 'லாஸ்ட் கிஸ்' பாடலில் நடுங்கும் மூச்சு ஒரு குறையாகத் தோன்றாது. அழுதுகொண்டே பேசுபவரின் மூச்சாகவே கேட்கும். 'ஹான்டட்' போன்ற பாடல்களில் தந்தி வாத்தியங்கள் பெருக்கெடுக்கும்போதுதான் குரல் அவற்றின் அடியில் சிக்கித் திணறுகிறது.

பாட வரவில்லை என்று எழுதியவர்களுக்கான பதில்தான் 'மீன்'. என் கணிப்பில் அது கருத்தளவில் ஆல்பத்தின் மிக நுட்பமான பாட்டு இல்லை. விமர்சித்தவரை எதிர்காலக் குடிகாரராகச் சித்திரித்துக் கேலி செய்யும் பகுதி, பாட்டே கண்டிக்கும் இழிசொல்லை ஒத்திருக்கிறது. ஆனால் கேட்டவர்கள் அந்தப் பாட்டை எழுதியவரிடமிருந்து தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் ஒதுக்கப்படும் பிள்ளைகளுக்கு அது துணையானது. அதன் காணொளியும் அவர்கள் பக்கமே நின்றது. ஆடை அலங்கார இதழ் படிப்பதற்காகக் கேலிக்குள்ளாகும் பையனையும், சாப்பாட்டு மேசையில் யாரும் இடம் தராத சிறுமியையும் அது காட்டியது. 2012 பிப்ரவரியில் 'மீன்' இரண்டு கிராமி விருதுகள் பெற்றது. அவற்றில் ஒன்று, தனியாகப் பாடிய சிறந்த கன்ட்ரி பாட்டுக்கானது. எந்த விழா மேடையில் பாட வரவில்லை என்றார்களோ, அதே விழா மேடையில் அந்தப் பாட்டைப் பாடிப் பெரும் கைதட்டல் பெற்றார்.

மூன்றாம் கேள்வி: யாரைப் பற்றி?

ஆல்பம் வந்த வாரத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது இந்தக் கேள்வி. ஆல்பத்துக்கு மிகுதியாகத் தீங்கு செய்ததும் இதுவே. எந்தப் பாட்டு எந்த நடிகரைப் பற்றியது, எந்தப் பாடகரைப் பற்றியது என்று பொழுதுபோக்கு இதழ்கள் பட்டியல் போட்டன. இதற்கு ஸ்விஃப்ட்டும் ஒரு வகையில் வழிவகுத்தார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. குறுந்தகட்டுடன் வரும் பாடல் புத்தகத்தில் ஆங்காங்கே சில எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சேர்த்துப் படித்தால் ஒரு ரகசியக் குறிப்பு கிடைக்கும்படி செய்வது அவர் வழக்கம். ரசிகைகள் இரவு முழுக்க உட்கார்ந்து அவற்றைக் கூட்டிப் படித்தார்கள். அது அவர்களுக்கும் அவருக்கும் இடையிலான அந்தரங்க விளையாட்டு. வெளியுலகமோ அதை வம்புக்குத் தீனியாக்கியது.

அகப்பாடலில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயர் வந்துவிட்டால் பாட்டு ஒருவருடைய கதையாகச் சுருங்கிவிடும். பெயர் இல்லாதபோது, படிக்கும் எவரும் தலைவியின் இடத்தில் நின்று பார்க்க முடிகிறது. நாஷ்வில்லில் யாருக்கும் இந்த நெறி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 'ஸ்பீக் நவ்' பெற்ற வரவேற்பை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. 'டியர் ஜான்' என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். போர்முனையில் இருக்கும் வீரனுக்கு, உறவு முடிந்தது என்று காதலி எழுதும் கடிதத்துக்கு அமெரிக்க வழக்கில் இதுதான் பெயர். அந்த வகையில் அது பொதுச்சொல். அதே வேளையில் பாடகர் ஜான் மேயரைச் சுட்டுவதாகவும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பாட்டால் தான் அவமானப்பட்டதாக மேயரே 2012இல் ரோலிங் ஸ்டோன் இதழிடம் சொன்னார். பொதுப்பெயருக்கும் இயற்பெயருக்கும் நடுவிலுள்ள அந்த மெல்லிய கோட்டில் பாட்டு நிற்கிறது. பத்திரிகைகள் கோட்டின் ஒரு பக்கத்தில் நின்றன. தன்னைவிட மூத்த ஒருவரிடம் மனம் கொடுத்து அடிபட்ட பெண்கள் மறுபக்கத்தில் நின்றார்கள். பாட்டை முழுதாகக் கேட்டவர்கள் அந்தப் பெண்கள்தாம்.

கன்ட்ரியா, பாப்பா?

மின்கித்தார்கள் உறுமும் 'தி ஸ்டோரி ஆஃப் அஸ்', 'பெட்டர் தன் ரிவெஞ்ச்' போன்றவை ராக் சாயலுடையவை. இதைக் கன்ட்ரி என்று எப்படி ஏற்பது என்ற கேள்வி அன்று சூடாக விவாதிக்கப்பட்டது. ஆனால் இது ஒவ்வொரு தலைமுறையும் கேட்டுவந்த கேள்வி. பாடகி பாட்ஸி க்ளைன் காலத்தில் வயலின் கூட்டத்தைச் சேர்த்தபோதும் கேட்டார்கள், ஷனாயா ட்வெய்ன் காலத்திலும் கேட்டார்கள். கன்ட்ரியின் உயிர் பாஞ்சோவிலும் ஃபிடிலிலும் மட்டும் இல்லை. எளிய சொல்லில் ஒரு வாழ்க்கைச் சம்பவத்தை ஆதியோடு அந்தமாகச் சொல்லி, கடைசிப் பத்தியில் ஒரு திருப்பம் வைப்பது அதன் அடிப்படை இலக்கணம். அந்த இலக்கணத்தில் இந்த ஆல்பத்தின் 'மைன்' அப்பழுக்கற்ற கன்ட்ரி பாட்டு. 2014இல் வந்த '1989' ஆல்பத்தில் ஸ்விஃப்ட் முழுமையாகப் பாப் இசைக்குச் சென்றபோதும், இந்தக் கதைசொல்லும் பழக்கத்தை உடன் எடுத்துச் சென்றார்.

சந்தையின் விடை எண்களில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆல்பம் விற்பனை ஆண்டுக்காண்டு சரிந்துகொண்டிருந்த காலம் அது. அப்போது 'ஸ்பீக் நவ்' முதல் வாரத்தில் மட்டும் அந்நாட்டில் 10,47,000 பிரதிகள் விற்றது. 2005க்குப் பிறகு எந்த ஆல்பமும் ஒரே வாரத்தில் அவ்வளவு விற்றதில்லை. பதினான்கு பாடல்களும் பில்போர்டின் முதல் நூறு பட்டியலில் இடம் பிடித்தன. இதற்கு விளம்பர பலம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டு ஜூனில் நாஷ்வில்லில் ரசிகர்களைச் சந்திக்க உட்கார்ந்தவர், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 'ஸ்பார்க்ஸ் ஃப்ளை' பல ஆண்டுகளுக்கு முன் மேடையில் மட்டும் பாடிய பாட்டு. அதன் பதிவைக் கேட்ட ரசிகர்கள் விடாமல் கேட்டதால்தான் ஆல்பத்தில் சேர்ந்தது. கேட்போர் இங்கே வெறும் வாங்குவோராக இருக்கவில்லை. ஆல்பத்தின் உருவாக்கத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்

2019இல் பிக் மெஷின் நிறுவனம் கைமாறியபோது, ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவுகளும் அதனுடன் கைமாறின. பாடல்களை எழுதிய உரிமை அவரிடம் இருந்தது, பதிவின் உரிமை இல்லை. எனவே பழைய ஆல்பங்களை மறுபடி பாடிப் பதிவுசெய்யத் தொடங்கினார். 2023 ஜூலை 7 அன்று 'ஸ்பீக் நவ்' மறுபதிவு வந்தது. எழுதியது யார் என்ற பழைய கேள்விக்கு இங்கே புதிய பொருள் பிறந்தது. தனியே எழுதியிருந்ததாலேயே, இந்தப் பாடல்களை எழுதிய உரிமையை இன்னொரு பாடலாசிரியருடன் அவர் பகிர வேண்டியிருக்கவில்லை. 2025 மே மாதம் மூலப்பதிவுகளையே திரும்ப வாங்கிவிட்டதாகவும் அறிவித்தார்.

மறுபதிவில் ஒரு மாற்றம் பெரிதாகப் பேசப்பட்டது. 'பெட்டர் தன் ரிவெஞ்ச்' பாடலில், காதலனைப் பறித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் ஒழுக்கத்தைப் பழிக்கும் ஒரு வரி இருந்தது. ஏமாற்றிய ஆணை விட்டுவிட்டு இன்னொரு பெண்ணைத் தாக்குவது தவறு என்று பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சொல்லி வந்தார்கள். முப்பத்து மூன்று வயதில் ஸ்விஃப்ட் அந்த வரியை நீக்கி, விளக்கை நாடும் விட்டிலின் படிமத்தை வைத்தார். பழைய வரியே அந்த வயதின் உண்மை, அதை அழிக்கக் கூடாது என்று சில ரசிகர்கள் வருந்தினார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என் நிலை மாற்றத்தின் பக்கம். பத்தொன்பது, இருபது வயதில் எழுதியதற்குப் பொறுப்பேற்பதும் எழுதுவதன் ஒரு பகுதிதான்.

அதே 2023 ஜூன் மாதம் மினியாபோலிஸ் மேடையில் 'டியர் ஜான்' பாடுவதற்கு முன், பத்தொன்பது வயதில் எனக்கு நடந்தது எதற்காகவும் யாரையும் நீங்கள் வசைபாட வேண்டாம் என்ற பொருள்பட ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். பெயர்களைத் தேடும் விளையாட்டைத் தொடங்கி வைத்தவரே அதை முடித்து வைத்த தருணம் அது.

முடிவாக

எழுதியது யார், பாட வருமா, யாரைப் பற்றி என்ற மூன்று கேள்விகளில் முதலாவதை ஆல்பமே தீர்த்தது. இரண்டாவது ஓரளவு உண்மை, ஆனால் பாடல்களின் பெருமையைத் தொடவில்லை. மூன்றாவது கேட்கவே வேண்டாதது. 'ஸ்பீக் நவ்' குறையற்ற ஆல்பம் இல்லை. நீளம் அதிகம், சில இடங்களில் கோபம் சிறுமையாகிறது, சில இடங்களில் இசை குரலை அமுக்குகிறது. ஆயினும் 'பேக் டு டிசம்பர்', 'டியர் ஜான்', 'லாஸ்ட் கிஸ்', 'என்சான்டட்' நான்கும் எந்த வயதுப் பாடலாசிரியரும் பெருமையோடு தன் பெயரை வைத்துக்கொள்ளக்கூடியவை.

2010இல் இந்த ஆல்பத்தை மிகச் சரியாகக் கேட்டவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள். அவர்கள் வரிவரியாகப் படித்தார்கள், சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தார்கள், ஒரு எழுத்தாளரைப் படிப்பதுபோலவே படித்தார்கள். அதைக் கூச்சல் என்றும் மோகம் என்றும் ஒதுக்கியவர்கள் பெரியவர்கள். 2023இல் ஸ்விஃப்ட்டின் எராஸ் இசைப் பயண அரங்குகளில் 'என்சான்டட்' பாடலைச் சேர்ந்து பாடியவர்களில், முன்பு சிறுமிகளாக இருந்த பெண்கள் ஏராளம். உங்கள் வீட்டில் ஒரு மகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து அதில் என்ன கேட்கிறாய் என்று கேளுங்கள். நல்ல விமர்சனம் அங்கிருந்தும் வரும்.